3 வயதுப் பிள்ளைக்காக நகையை அடகு வைக்கலாமா?

சித்திரை, வைகாசி மாதங்களில் கூட்டுறவுச் சங்க வாசலில் மஞ்சள் பையோடு நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். நகைக்கடனுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான் சொல்வார்கள். ஒன்று, ஆடிப்பட்டத்துக்கு விதையும் உரமும். இன்னொன்று, பள்ளிக்கூடக் கட்டணம். முன்பெல்லாம் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்காகத்தான் நகை அடகுக்குப் போகும். இப்போது எல்.கே.ஜி. சேரப்போகும் பிள்ளைக்காகவே காதுத் தோட்டைக் கழற்றுகிறார்கள்.

போன வருடம் தக்காளி நாற்று விஷயமாக எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண், பேசி முடித்த பிறகும் கிளம்பாமல் நின்றார். "மேடம், விவசாயம் இல்லாம வேற ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "எம் பையனுக்கு 3 வயசு முடியுது. எங்க தெருவுலயே அங்கன்வாடி இருக்கு. ஆனா அங்க விட்டா மண்ணுலதான் விளையாடுவான்னு வீட்டுல சொல்றாங்க. டவுன்ல இருந்து வேன் வருது, வருசத்துக்கு 35,000 ஆகும்ங்கறாங்க. நகையை வெச்சுக் கட்டிரலாமா?"

பூச்சிக்கும் நோய்க்கும் பதில் சொல்லியே பழகிய எனக்கு இது புதுக் கேள்வி. ஆனால் அதற்குப் பிறகு இதே கேள்வியை வேறு வேறு வாயால் நான்கைந்து முறை கேட்டுவிட்டேன். வாசகர்களில் பலர் வீட்டிலும் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். நான் கல்வித் துறைக்காரி இல்லை. வேளாண்மை படித்து, 30 வருடமாகத் திண்டுக்கல் மாவட்டத்து வயல்களில் அலைகிறவள். கூடவே, 4 வயதுப் பேத்திக்கு அம்மாச்சி. இந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

நாற்றங்காலில் யூரியாவைக் கொட்டலாமா?

நெல் நாற்றங்காலில் தழைச்சத்தை அளவுக்கு மீறிப் போட்டால் என்ன ஆகும்? நாற்று கருகருவென்று உயர்ந்து நிற்கும். பார்க்கிறவர்கள் 'அடேயப்பா' என்பார்கள். ஆனால் தண்டு மெலிந்து, பறிக்கும்போதே ஒடியும். நட்ட பிறகு பூச்சியும் முதலில் அதைத்தான் தேடி வரும். நாற்றங்காலில் நாம் பார்க்க வேண்டியது உயரத்தை அல்ல, வேரையும் தண்டின் திடத்தையும்தான்.

3 வயதில் பென்சிலைக் கையில் திணித்து, நான்கு வரி நோட்டில் எழுதச் சொல்வதும் அப்படித்தான். அந்த வயதில் மணிக்கட்டு எலும்புகள்கூட முழுதாக உருவாகியிருக்காது. விரல்களில் பிடிமானம் வந்த பிறகுதான் எழுத்து. அந்தப் பிடிமானம் எப்படி வரும்? களிமண்ணைப் பிசைந்தால் வரும். மொச்சைக்காயை உரித்தால் வரும். கீரையை ஆய்ந்தால் வரும். தட்டில் கொட்டிய துவரையிலிருந்து கல்லைப் பொறுக்கினால் வரும். இவை நம் திண்ணையில் தினமும் நடக்கிற வேலைகள். "மண்ணுலதான் விளையாடுவான்" என்று அந்த வீட்டில் குறையாகச் சொன்னது, அவன் வயதுக்கு ஏற்ற பாடம்.

கே.ஜி. என்ற இரண்டு எழுத்துக்குள் ஒரு தோட்டம்

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று சொல்கிறோமே, அதில் வரும் கே.ஜி. என்பது 'கிண்டர்கார்டன்' என்ற ஜெர்மன் சொல். பொருள், குழந்தைகளின் தோட்டம். பிரீட்ரிக் ஃபிரோபெல் என்பவர் 1837-ல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கி, 1840-ல் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். இளவயதில் காட்டு இலாகாக்காரர் ஒருவரிடம் தொழில் பழகியவர் அவர். பெயரில் மட்டும் தோட்டம் இல்லை; அவர் முறைப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி, எல்லோருக்கும் பொதுவாகச் சில பாத்திகள். தன் பாத்தியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பொதுப் பாத்தியைச் சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இன்றைக்குக் கே.ஜி. வகுப்பு இருக்கிற பள்ளிகளில் எத்தனையில் ஒரு பாத்தியாவது இருக்கிறது?

நம் நாட்டிலும் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. தாராபாய் மோடக், அனுதாய் வாக் என்ற இரண்டு ஆசிரியைகள் 1945-ல் இன்றைய மகாராஷ்டிராவின் போர்டி கிராமத்தில் குழந்தைகள் பள்ளியை ஆரம்பித்தார்கள். பிறகு கோஸ்பாட் மலைப்பகுதிக்குப் போய் ஆதிவாசிப் பிள்ளைகளோடு வேலை செய்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்றதும், பள்ளியை அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்கே கொண்டுபோனார்கள். 'ஆங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயர் அப்படிப் பிறந்ததுதான். மாடு மேய்க்கப் போன பிள்ளைகளைத் தேடி மேய்ச்சல் நிலத்துக்கே போய்ப் பாடம் நடத்தினார்கள். கூழாங்கல், விதை, இலை, கிளிஞ்சல் ஆகியவைதான் பாடக் கருவிகள். 1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கி நாடெங்கும் மையங்கள் வந்தபோது, அந்தப் பெயரும் கூடவே வந்தது.

ஆக, நம் தெருமுனையில் இருக்கும் அங்கன்வாடி, பணம் இல்லாதவர்களுக்காக ஒதுக்கிய மட்டமான இடம் என்று நினைக்க வேண்டாம். மண்ணையும் முற்றத்தையும் பாடமாக்கிய ஒரு பெரிய முயற்சியின் பெயரைத் தாங்கி நிற்கும் இடம் அது.

நகரத்தில் விலைக்கு வாங்கும் மண்

என் மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். பேத்தியை 'இயற்கைவழி மழலையர் பள்ளி' என்ற ஒன்றில் சேர்த்திருக்கிறாள். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். லாரியில் கொண்டுவந்து கொட்டிய செம்மண்ணில் பிள்ளைகள் புரள்கிறார்கள். கட்டிவைத்த இரண்டு வெள்ளாட்டுக்கு வரிசையில் நின்று அகத்திக்கீரை கொடுக்கிறார்கள். பத்துத் தொட்டியில் வெண்டை. பெற்றோர் ஆசையாகப் படம் எடுக்கிறார்கள். நம் ஊரில் எந்த வீட்டுப் பின்பக்கத்திலும் இதைவிடக் கூடுதலாக இருக்குமே என்று முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் அரைமணி நேரம் பார்த்த பிறகு ஒரு வித்தியாசம் பிடிபட்டது. அங்கே ஆசிரியை தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் கண்மட்டத்தில் பேசுகிறார். "இந்த இலை எப்படி இருக்கு? சொரசொரன்னா, வழுவழுன்னா?" என்கிறார். பதில் வரும்வரை காத்திருக்கிறார். பிள்ளை கேட்டால், "நீ என்ன நினைக்கிற?" என்று திருப்பிக் கேட்கிறார். நம் வயலில் பிள்ளைக்குக் கிடைப்பது என்ன? "தள்ளிப் போ", "நாத்த மிதிச்சிராத", "சும்மா உக்காரு". அதற்கும் அடங்காவிட்டால் கையில் செல்போன்.

வேலை நெருக்கத்தில் அப்படித்தான் சொல்ல வரும், அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கிராமத்தில் பிறந்ததாலேயே இயற்கைக் கல்வி கிடைத்துவிடாது. ஆடும் மாடும் மண்ணும் சுற்றி இருந்தாலும், அவற்றைப் பற்றிப் பிள்ளையோடு பேச ஒரு பெரியவர் வேண்டும். அந்த நகரத்துப் பள்ளி வாங்கும் கட்டணத்தில் பெரும்பகுதி இந்தப் பேச்சுக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. மண் நம்மிடம் இருக்கிறது. பேச்சை மட்டும் நாம் சேர்த்தால் போதும்.

லீவுக்கு வந்த பேத்தி, சின்ன வெங்காயம் பிடுங்கும் வயலில் நின்று, "அம்மாச்சி, தக்காளி வெளிய இருக்கு, வெங்காயம் மட்டும் ஏன் மண்ணுக்குள்ள இருக்கு?" என்றாள். கந்தகம், குமிழ், சேமிப்பு இலை என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டு, "நீ என்னடா தங்கம் நினைக்கிற?" என்றேன். "வெங்காயத்துக்கு வெட்கம்" என்றாள். பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அதில் ஒரு பாட்டி, "வெட்கப்பட்டு எத்தனை சேலை சுத்திருக்கு, எண்ணிப் பாரு" என்று ஒரு வெங்காயத்தைப் பிடுங்கிக் கொடுத்தார். பேத்தி ஒவ்வொரு தோலாக உரித்து 6 வரை எண்ணினாள். பிறகு கண் எரிந்து அழுதாள். அன்று அவள் கற்ற எண்ணிக்கையை எந்த நோட்டும் சொல்லிக் கொடுத்திருக்காது. அந்தப் பாட்டி ஒருநாளும் பள்ளிக்கூடம் போகாதவர்.

வீட்டிலும் வயலிலும் என்ன செய்யலாம்?

தினமும் 20 நிமிடம் போதும். தனியாகப் பொருள் எதுவும் வாங்க வேண்டாம். நாம் செய்கிற வேலையிலேயே பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் வழி.

முட்டை மிதக்கும் வித்தை: நெல் விதையைத் தேர்வு செய்ய உப்புக்கரைசல் தயாரிக்கிறோம் அல்லவா? வாளித் தண்ணீரில் நல்ல முட்டையைப் போட்டால் அடியில் போய் உட்காரும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே வந்தால், முட்டை மேலே வந்து நாலணா அளவுக்குத் தலையை நீட்டும். அந்தக் கரைசலில் விதையைக் கொட்டினால் பதர் மிதக்கும், நல்ல விதை மூழ்கும். பெரியவர்களுக்கு இது விதைத் தேர்வு. பிள்ளைக்கு முதல் அறிவியல் பாடம். "எது மிதக்கும், சொல்லு பார்ப்போம்" என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போடுங்கள். பிறகு விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவ மறக்க வேண்டாம்.

முளைக்கும் விதை: ஈரச் சாக்கில் 10 பச்சைப்பயறு போட்டு மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் முளை வெளியே வரும். தினமும் காலையில் பிள்ளையே திறந்து பார்க்கட்டும். எத்தனை முளைத்தது, எத்தனை முளைக்கவில்லை என்று எண்ணட்டும். நாம் பார்க்கும் முளைப்புத்திறன் சோதனையேதான் இது.

இலையின் பச்சை: நெல்லுக்குத் தழைச்சத்து போட வேண்டுமா என்று பார்க்க இலை வண்ண அட்டை வைத்திருக்கிறீர்களா? அதைப் பிள்ளையிடம் கொடுத்து, வேலியில் இருக்கும் இலைகளோடு பொருத்தச் சொல்லுங்கள். 'பச்சை' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை பச்சை இருக்கிறது என்று அதன் கண்ணே சொல்லிவிடும்.

சொந்தப் பாத்தி: வரப்போரமோ, வாசலோரமோ மூன்றடிக்கு மூன்றடி இடம். அதற்குப் பிள்ளையின் பெயரை வையுங்கள். கீரை, வெந்தயம், அவரை போன்று சீக்கிரம் முளைப்பவை நல்லது. தண்ணீர் அதிகம் ஊற்றி அழுகவிட்டால் திட்ட வேண்டாம். "ஏன் அழுகுச்சு?" என்று சேர்ந்து தோண்டிப் பாருங்கள். அதில் பறித்த கீரையை அன்றே சமையுங்கள். கீரையைத் தொடாத பிள்ளையும் தன் பாத்திக் கீரையைச் சாப்பிடும். என் பேத்தி சாப்பிடுகிறாள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இது பிள்ளையை வேலை வாங்குவது அல்ல. சலித்தவுடன் ஓடிவிட அதற்கு முழு உரிமை உண்டு.

மண்ணால் உடம்புக்கு என்ன லாபம்?

பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2020-ல் வெளிவந்தது. 10 குழந்தைகள் காப்பகங்களைச் சேர்ந்த, 3 முதல் 5 வயது வரையுள்ள 75 பிள்ளைகளைக் கவனித்தார்கள். சில காப்பகங்களின் வெற்று முற்றத்தில் காட்டு மண்ணும் புல்தரையும் கொண்டுவந்து பரப்பி, செடி வளர்க்கப் பெட்டிகளும் வைத்து, பிள்ளைகளை அதில் விளையாடவிட்டார்கள். 28 நாளில் அந்தப் பிள்ளைகளின் தோலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களின் வகை கூடியது. நோய் எதிர்ப்பு ஒழுங்குக்கான அறிகுறிகளும் ரத்தத்தில் மேம்பட்டிருந்தன. மண்ணில் நுண்ணுயிர் பெருக வேண்டும் என்று தொழுவுரமும் அசோஸ்பைரில்லமும் போடச் சொல்கிறோம். பிள்ளையின் உடம்புக்கும் அந்த உறவு தேவைப்படுகிறது.

கண்ணுக்கும் நன்மை உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 100-க்கு 30 பேர். வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் அது கிட்டத்தட்ட 40 பேர். இந்த முடிவு 2015-ல் வெளியானது.

வயலில் விடும் முன் அப்புறப்படுத்த வேண்டியவை

என் தொழிலுக்கு நெருக்கமான பகுதி இது. இதைச் செய்யாமல் பிள்ளையை வயலுக்குக் கூட்டிப்போக வேண்டாம்.

பூச்சிக்கொல்லி: டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடியது. பச்சை என்றாலும் அது விஷம்தான். மீதி மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விட வேண்டும். மருந்து இருக்கும் இடத்துக்குப் பூட்டு அவசியம். மருந்தடித்த வயலுக்குள் பிள்ளையை விடக் கூடாது. மருந்தடித்தவர் குளித்து, துணி மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

கலர் விதை: பாக்கெட்டில் வரும் மக்காச்சோளம், காய்கறி விதைகள் சிவப்பு, நீல நிறத்தில் மிட்டாய் போல இருக்கும். அது மருந்து பூசிய விதை. பிள்ளை விளையாடவும் விதைக்கவும் வீட்டில் எடுத்த, மருந்து கலக்காத விதையை மட்டும் கொடுங்கள்.

விஷச் செடிகள்: எங்கள் ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு சாகுபடி உண்டு. அதன் விதையும் கிழங்கும் உயிரைப் பறிக்கக்கூடியவை. வாசலில் விதை காயவைக்கும் நாட்களில் பிள்ளையை அந்தப் பக்கமே விடக் கூடாது. அரளி, ஊமத்தை, காட்டாமணக்கு, ஆமணக்கு விதை, குன்றிமணி ஆகியவையும் அப்படித்தான். எதையாவது வாயில் போட்டுவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள். அந்தச் செடியின் ஒரு துண்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

நீர்நிலைகள்: கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டை இரண்டும் ஆபத்து. தார்ப்பாய் வழுக்கும், பெரியவர்களே ஏற முடியாது. சுற்றி வேலி போட்டு, பிடித்து ஏறக் கயிறும் கட்டி வையுங்கள். கைவிட்ட ஆழ்துளைக் கிணறு இருந்தால் உடனே மூடுங்கள். 2019-ல் மணப்பாறை பக்கம் நடந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

குடற்புழு: பின்லாந்து மண்ணில் இல்லாத கொக்கிப்புழு நம் மண்ணில் உண்டு, வெறுங்கால் வழியாக உடம்புக்குள் ஏறும். காலில் செருப்பு, விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுதல், நகம் வெட்டுதல், அங்கன்வாடியில் ஆண்டுக்கு இரண்டு முறை தரும் குடற்புழு நீக்க மாத்திரை ஆகிய நான்கையும் விட வேண்டாம்.

அங்கன்வாடியில் நம் பங்கு

இனி அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 5 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்காக நகையை அடகு வைக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். கையில் பணம் இருந்து விருப்பப்பட்டுச் சேர்ப்பது வேறு. கடன் வாங்கிச் சேர்ப்பது வேறு. அந்தக் கடனுக்குக் கட்டும் வட்டி, பத்து வருடம் கழித்து அதே பிள்ளையின் மேல்படிப்புக்குத் தேவைப்படும் பணம்.

"இங்கிலீஷ் பின்தங்கிருமே?" என்று கேட்பார்கள். தன் மொழியில் கேள்வி கேட்கவும், கதை சொல்லவும், பார்த்ததை விவரிக்கவும் தெரிந்த பிள்ளைக்கு இரண்டாவது மொழி பின்னால் வந்து சேரும். தமிழிலும் பேச ஆளில்லாமல், ஆங்கிலத்திலும் பாட்டை மட்டும் ஒப்பிக்கிற பிள்ளைக்குத்தான் சிரமம்.

அதே சமயம், எல்லா அங்கன்வாடியும் சிறப்பாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். சமையல், எடை பார்ப்பது, பதிவேடு, செல்போனில் விவரம் ஏற்றுவது என்று அவர்களுக்கு நேரம் போய்விடுகிறது. களையெடுப்பு முடியும் முன்பே மையம் மூடிவிடுகிறது என்பதும் வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு உண்மையான பிரச்னை. ஆனால் சூடான சாப்பாடும் முட்டையும் அங்கே கிடைக்கின்றன. பாட்டு, கதை, விளையாட்டு வழியாகக் கற்பிக்க 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமும் இருக்கிறது. அது நடக்கிறதா என்று போய்ப் பார்க்கும் பொறுப்பு நமக்கும் உண்டு.

பார்த்து, குறை சொல்லிவிட்டு மட்டும் வர வேண்டாம். மையத்தின் வாசலில் சிமென்ட் தளம்தான் இருக்கிறதா? பணியாளரிடமும் ஊராட்சியிலும் பேசி, ஒரு மூலைக்கு அரை வண்டி செம்மண் கொண்டுவந்து கொட்டுங்கள். ஆடு மேயாதபடி முள்வேலிக்குப் பதில் மூங்கில் தட்டி கட்டிக் கொடுங்கள். ஒரு முருங்கைப் போத்து, ஒரு கறிவேப்பிலைக் கன்று, இரண்டு பாத்தி கீரை. அந்தக் கீரை பிள்ளைகளின் சாப்பாட்டிலேயே சேரும். ஊரில் சும்மா உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளில் ஒருவர் வாரம் ஒருநாள் போய், விதையைக் காட்டிக் கதை சொன்னால் போதும், பணியாளருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். விதைக்கும் நாற்றுக்கும் உங்கள் வட்டாரத்து வேளாண்மை, தோட்டக்கலை அலுவலகங்களில் தயங்காமல் கேளுங்கள். இதற்காக வருகிறவர்களை எங்கள் துறையில் சந்தோஷமாகவே வரவேற்போம்.

ஆடிப்பட்டம் நெருங்குகிறது. அடுக்குப் பானையிலிருந்து விதை எடுக்கும்போது, நான்கு அவரை விதையைத் தனியாக எடுத்து வையுங்கள். விரல் கணு ஆழத்தில் குழி எடுக்கச் சொல்லி, பிள்ளையின் கையாலேயே போடச் சொல்லுங்கள். "எப்ப முளைக்கும்?" என்று அது கேட்கும். நாளைச் சொல்லிவிடாதீர்கள். தினமும் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.